டீசல் தொட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நீல நகல்: பணிமனை மாற்றத்தில் கழிவு அனுமதி பெற்ற அனுபவம்

பழைய பேருந்துப் பணிமனை ஒன்றை மின்சாரப் பேருந்துகளுக்கு ஏற்றவாறு மாற்றியமைக்கும் ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழல் பொறுப்பு என்னிடம் இருந்தது. அன்றாடம் சேரும் கழிவுகள் எங்களுக்குச் சிரமம் தரவில்லை. கழிவு எண்ணெய் ஏலத்தின் மூலம் அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கும், ஈய அமில பேட்டரிகள் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கும் முறையாகப் போய்ச் சேர்ந்தன. ஒரே ஒரு முறை மட்டும் உண்டாகி, பிறகு எப்போதும் உண்டாகாத கழிவுகள்தாம் எங்களை அலைக்கழித்தன. தரைக்கடியில் பல ஆண்டுகளாகப் புதைந்திருந்த டீசல் தொட்டியின் அடிக்கசடு, அதைச் சுற்றி எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன மண், பழுதுபார்க்கும் கூடத்தின் மேல் கிடந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் ஆகிய மூன்றும்தான் அவை.

அபாயகரக் கழிவுகளுக்கான 2016ஆம் ஆண்டு விதிகளின்படி படிவம் 1இல் விண்ணப்பித்துப் படிவம் 2இல் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற வேண்டும் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே. விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டியவர் யார் என்ற கேள்வியில்தான் முதல் முட்டுக்கட்டை விழுந்தது. கழிவை உண்டாக்குபவர் ஒப்பந்ததாரர் என்பதால் அவரே விண்ணப்பிக்க வேண்டும் என்று போக்குவரத்து நிர்வாகம் சொன்னது. ஒப்பந்ததாரர் நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பத்தைக் கொண்டுபோனபோது, அந்த இடத்துக்கான இசைவாணை, அதாவது அங்கே இயங்க வாரியம் தந்த அனுமதி, யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கேட்க வேண்டும் என்று வாரிய அலுவலகத்தின் எழுத்தர் கோப்பைத் திறக்காமலேயே திருப்பித் தந்தார். இரு தரப்பிலும் ஓரளவு நியாயம் இருந்ததுதான் வேடிக்கை. வளாகத்தின் மீது கட்டுப்பாடு உடையவரைப் போலவே கழிவைக் கைவசம் வைத்திருப்பவரும் விதிகளில் உள்ள 'அனுபோகதாரர்' (occupier) என்ற வரையறைக்குள் வந்துவிடுகிறார். கடைசியில் நிர்வாகத்தின் பெயரிலேயே விண்ணப்பித்தோம். ஒப்பந்ததாரர் நிர்வாகத்தின் சார்பில் கழிவைக் கையாளுவார் என்ற அதிகாரக் கடிதத்தையும் இணைத்தோம். இத்தகைய பணியில் இறங்குபவர்கள், இந்த ஒரு பத்தியை ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே அதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வேலை தொடங்கிய பிறகு அந்தக் கடிதத்தில் கையெழுத்திட யாருக்கும் அவசரம் இருப்பதில்லை.

அடுத்தது கழிவின் வகை எண். தொட்டிக் கசடில் குழப்பமே இல்லை. எண்ணெய்ச் சேமிப்புத் தொட்டிகளைச் சுத்தம் செய்வது, அபாயகரக் கழிவுகளைப் பட்டியலிடும் விதிகளின் முதல் அட்டவணையின் 3ஆம் வரிசையில் தனியாகவே இருக்கிறது, கசடும் வடிகட்டிகளும் 3.3இல் வந்துவிடும். ஊறிய மண்ணை ஆய்வகச் சான்றோடு 5.2இல், அதாவது எண்ணெய் கலந்த எச்சங்கள் என்ற தலைப்பில், காட்டினோம். ஆஸ்பெஸ்டாஸுக்குரிய 15ஆம் வரிசையின் தலைப்போ ஆஸ்பெஸ்டாஸ் பொருள்களின் உற்பத்தியைத்தான் குறிப்பிடுகிறது. "நீங்க ஆஸ்பெஸ்டாஸ் தயாரிக்கறீங்களா சார்? அப்புறம் எதுக்கு இந்த எண்?" என்று எழுத்தர் கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். ஆலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அட்டவணையில் இடிபாட்டுக் கூரைக்குச் சரியான இடம் கிடையாது. அப்படியானால் இதைக் கட்டட இடிபாடாகக் கணக்கில் காட்டிவிடலாமே என்று எங்கள் தள மேலாளர் உடனே கண்ணடித்தார். உடைந்த தகட்டிலிருந்து பறக்கும் இழை நுரையீரலுக்குள் போனபின் பல பத்தாண்டுகள் கழித்துக்கூட நோயாக வெளிப்படும் என்பதை அவருக்குச் சொல்வதற்கே ஒரு மாலை செலவாயிற்று. எழுத்தரிடம் வாதாடுவதில் பயனில்லை என்று வாரியத்தின் உதவிப் பொறியாளரைச் சந்தித்தேன். அபாயகரக் கழிவுக்கான வரையறை அட்டவணைகளோடு நின்றுவிடவில்லை, நச்சுத்தன்மை முதலிய இயல்புகளால் உடல்நலத்துக்குத் தீங்கு தரக்கூடிய எதையும் அது உள்ளடக்குகிறது என்று, அந்தப் பகுதியை அப்படியே மேற்கோள் காட்டி ஒரு பக்க விளக்கம் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். விதி நூலின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். கைப்பேசித் திரையில் காட்டினால் யாரும் படிப்பதில்லை.

இதற்கிடையில் தொட்டி வேலை நடந்தது. பழைய இரும்பு வாங்குபவர், தொட்டியை அங்கேயே எரிவாயு வெட்டியால் துண்டுபோட்டு அள்ளிக்கொண்டு போக ஆயத்தமாக வந்து நின்றார். டீசல் பெட்ரோல் அளவுக்கு ஆவியாவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அடியில் ஒட்டிய கசடு சூடானால் ஆவியாகும், மூடிய தொட்டிக்குள் அந்த ஆவி வெடிக்கப் போதுமானது. தகுதி பெற்ற நபர் ஒருவர் உள்ளே சோதித்து, வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தரும்வரை நெருப்பு வேலை கூடாது என்று பெட்ரோலிய விதிகள் சொல்வதைக் காட்டித் தடுத்தோம். அவர் கோபித்துக்கொண்டு போய், சான்று வந்த பிறகு விலையைக் குறைத்துக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

அங்கீகாரம் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் 90 நாள் கெடுவை மறந்துவிடுகிறார்கள். கழிவை வளாகத்தில் வைத்திருக்கப் பொதுவாக அவ்வளவுதான் அனுமதி. நாள் நீட்டிப்பு சில வகையினருக்கு மட்டுமே கிடைக்கும். கும்மிடிப்பூண்டியில் இருப்பதைப் போன்ற பொதுச் சுத்திகரிப்பு மற்றும் நிரப்பிட (கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும்) வளாகங்கள், மாதிரியை முழுமையாக ஆய்வு செய்த பிறகே கழிவை ஏற்கின்றன. எங்கள் கசடின் எரிதிறன், அதாவது எரியும்போது தரும் வெப்பம், நிரப்பிடத்துக்கு ஏற்ற வரம்பைத் தாண்டியிருந்ததால், அதை மண்ணில் புதைக்க முடியாது, சிமென்ட் உலையில் எரிக்கும் வழியில்தான் அனுப்ப வேண்டும் என்று முடிவாயிற்று. வழி மாறினால் அங்கீகாரத்திலும் திருத்தம் வேண்டும். ஆகவே மாதிரி ஆய்வை விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அந்தச் செலவு வீண்போகாது.

கூரையில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருந்தது. இழை பறக்காமலிருக்கத் தகடுகளைத் தண்ணீர் தெளித்து நனைத்து, சுத்தியல் படாமல் திருகாணிகளைக் கழற்றி இறக்கி, தடித்த பாலித்தீனில் சுற்றி வைத்தோம். இது சரியான முறை. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தண்ணீரை உறிஞ்சும். எடைமேடையில் ஏறிய லாரி, காய்ந்த தகட்டை வைத்துக் கணக்கிட்டுப் படிவத்தில் எழுதியிருந்த அளவைத் தாண்டிவிட்டது. அனுமதித்த அளவுக்கு மேல் ஒரு கிலோவும் ஏற்க முடியாது என்று பெறுநர் சொன்னதால், மிச்சக் கட்டுகள் மீண்டும் பணிமனைக்கே வந்து, அளவைத் திருத்திய ஆணை வரும்வரை தார்ப்பாயின் கீழ்க் கிடந்தன. அந்த இடைவெளியில் மாட்டுக்கொட்டகைக்கு நாலு தகடு கேட்டு வந்தவர்களைக் காவலாளி திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். எடையை எழுதும்போது ஈரத்துக்கும் சேர்த்துத் தாராளமாக எழுதுங்கள்.

லாரி கிளம்பும்போது, கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்பதற்கான சீட்டான படிவம் 10 ஏழு நிறங்களில் ஏழு நகல்களாகத் தயாராகும். மஞ்சள் நகல் அனுப்புநரிடம் தங்கும். கழிவைப் பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்டு அனுப்புநருக்குத் திருப்ப வேண்டியது நீல நகல். வாடகைப் பணத்தை முழுமையாகக் கொடுத்துவிட்டால் நீல நகலைப் பற்றி லாரிக்காரர் மறந்துவிடுவார். ஒரு பகுதியை நிறுத்திவைத்திருந்ததால்தான் எங்களுக்கு அது வந்து சேர்ந்தது. கடன் தந்த வங்கியின் தணிக்கையாளர் முதலில் கேட்டதும் அந்த நீலக் காகிதத்தைத்தான். அங்கீகார ஆணையை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. படிவம் 4இல் ஆண்டறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30க்குள் தர வேண்டும், அதற்குள் ஒப்பந்ததாரர் தளத்தைக் காலி செய்துவிட்டிருப்பார். எடைச்சீட்டுகள், நீல நகல்கள், படிவம் 3 பதிவேடு எல்லாவற்றையும் நிர்வாகத்திடம் ஒப்படைத்து, ஒப்புகைக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் நான் சாவியைக் கொடுத்தேன்.