டாக்ரோலிமஸ் போட்டால் ஏன் எரிகிறது, எப்படிச் சமாளிப்பது

கரப்பானுக்கு (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) ஸ்டீராய்டு இல்லாத களிம்பு என்று எழுதித் தரப்படும்போது, பல சீட்டுகளில் இருப்பது டாக்ரோலிமஸ். அதைப் பாதியில் விடுகிறவர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான்: "போட்டதும் தீயா எரியுது, ஒத்துக்கல." ஒத்துக்கொள்ளாமல் போவது அரிது. முதல் வாரத்தை எப்படிக் கடப்பது என்று யாரும் சொல்லித் தராததுதான் சிக்கல்.

மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தொட்டால் எந்த நரம்பு நுனிகள் காந்துமோ, இந்த மருந்தும் அதே நுனிகளைத்தான் தூண்டுகிறது. காரம் பழகுவதுபோல அந்த நுனிகளும் சில நாளில் அடங்கிவிடும். கூடவே தோலும் ஆற ஆற, பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் எரிச்சல் குறைந்துவிடுகிறது. மூன்றாம் நாள் நிறுத்திவிட்டுப் பத்து நாள் கழித்து மறுபடி ஆரம்பித்தால், எரிச்சலும் முதலிலிருந்தே ஆரம்பிக்கும்.

எரிச்சலைக் கூட்டுவது முக்கியமாக ஈரமும் சூடும். குளித்த உடனே பூசக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோல் முழுக்க உலர்ந்து உடம்புச் சூடு தணிந்த பிறகு பூசுங்கள். சித்திரை வெயிலில் மின்விசிறிக்கு அடியில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போடுவது நல்லது. வியர்வை வழியும் கழுத்தில் போட்டால் இரட்டிப்பாக எரியும். டியூபைச் சிறிது நேரம் ஃப்ரிட்ஜில் (ஃப்ரீசரில் அல்ல) வைத்து எடுத்தால் குளிர்ச்சி உதவும். எரிச்சல் தாங்காத குழந்தைக்கு, மருத்துவர்கள் முதலில் சில நாள் மிதமான ஸ்டீராய்டு கொடுத்துச் சிவப்பை அடக்கிவிட்டு இதற்கு மாற்றுவதும் உண்டு. பொங்கி நிற்கும் தோலில் நேரடியாகப் போடுவதைவிட அது எளிது.

மாய்ஸ்சரைசரும் களிம்பும் ஒரே நேரத்தில் வேண்டாம். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் மருந்து நீர்த்துப்போகும், அல்லது வேண்டாத இடத்துக்குப் பரவும். பூசிய இடத்தைப் பிளாஸ்டிக்கோ ஒட்டுக்கட்டோ போட்டு மூடாதீர்கள். உறிஞ்சப்படும் அளவு கூடிவிடும். பருத்திச் சட்டை போடத் தடையில்லை.

இனி வீரியமும் அளவும். 0.03 சதவீதக் களிம்பு 2 முதல் 15 வயது வரை, 0.1 சதவீதக் களிம்பு 16 வயது முதல். அண்ணனுக்கு வாங்கிய டியூபைத் தம்பிக்குப் பூசுவது இந்த இடத்தில்தான் தவறாகிறது. இரண்டு வயதுக்குக் கீழே சொந்த முடிவில் தொடவே வேண்டாம். பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும். ஆனால் இந்தக் கணக்கு 5 மில்லிமீட்டர் வாயுள்ள டியூபுக்கு. சின்ன டியூப்களின் வாய் குறுகலாக இருந்தால் சற்று கூடுதலாகப் பிதுக்க வேண்டும். இரண்டு முழங்கை மடிப்புக்கும் சேர்த்து ஒரு வேளைக்கு அரை கிராம் என்றால், காலை மாலை சேர்த்து நாளுக்கு ஒரு கிராம். 10 கிராம் டியூப் பத்து நாளில் தீர வேண்டும். இரண்டு மாதம் வருகிறது என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று குறைசொல்ல முடியாது, போடவே இல்லை என்றுதான் அர்த்தம். தடிமனாக அப்பினாலும் பலன் கூடாது, பிசுக்குதான் கூடும். கைக்குத் தேவையில்லை என்றால் பூசியதும் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

முகம், கண் இமை, கழுத்து, மடிப்புகள்: இந்த மருந்து சோபிப்பது இங்கேதான். ஸ்டீராய்டை மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து சிறு ரத்தநாளங்கள் தெரியத் தொடங்கும்; டாக்ரோலிமஸ் தோலை மெலிய வைப்பதில்லை. இதன் மூலக்கூறு பெரியது என்பதால் புண்பட்ட தோலுக்குள் சுலபமாகப் போகும், ஆறிய தோலுக்குள் அவ்வளவாகப் போகாது. இமையில் மிளகில் பாதி அளவு போதும், கண்ணுக்குள் படக் கூடாது. வாய், மூக்கின் உட்பகுதியில் போடக் கூடாது. வீட்டில் இருப்பது உண்மையிலேயே ஸ்டீராய்டு இல்லாததுதானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். உறையில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. கடைக்காரர் "அலர்ஜி க்ரீம்" என்று சொல்லிக் கொடுப்பதில் பல இந்த வகை.

எரிச்சலை எல்லாம் பொறுத்துக்கொள்ளவும் கூடாது. தேன் நிறப் பொருக்கும் சீழும் இருந்தால் பாக்டீரியா புகுந்திருக்கிறது. ஒரே மாதிரி சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வெடித்து, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் ஹெர்பிஸ் வைரஸ் பரவியிருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டிய அவசரம் இது, கண் அருகில் என்றால் இன்னும் அவசரம். இரண்டு நிலையிலும் களிம்பை நிறுத்த வேண்டும். இது அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வேலை செய்யும் மருந்து. வட்ட வட்டமாக விளிம்பு தடித்துப் பரவுவது பெரும்பாலும் கரப்பான் அல்ல, படர்தாமரை என்னும் பூஞ்சைத் தொற்று. அதில் இதைப் பூசுவது பூஞ்சைக்கு வழிவிடுவது போலத்தான். வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் போட்ட தோலில் இதையும் போட்டுவிட்டு எது எரிகிறது என்று தேடுவதும் வீண்வேலை.

ஒரு விநோதம்: பீர் குடித்த சில நிமிடங்களில் பூசிய முகம் சிவந்து சூடாகலாம். மருந்துக்கும் ஆல்கஹாலுக்கும் தெரிந்த உறவு அது, ஒவ்வாமை அல்ல.

உறையிலுள்ள புற்றுநோய் எச்சரிக்கையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. 2006 முதல் அமெரிக்க உறைகளில் அது இருக்கிறது. உறுப்பு மாற்று சிகிச்சைக்காக இதே மருந்தை உட்கொள்வோரிடம் கண்ட ஆபத்தும், விலங்குகளுக்கு அதிக அளவு கொடுத்த சோதனைகளும் அதற்கு அடிப்படை. தோலில் மெலிதாகப் பூசும்போது ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. களிம்பால்தான் புற்றுநோய் வந்தது என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் ஆறிய தோலில் தினமும் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது, பூசிய இடத்தை உச்சி வெயிலில் காட்டக் கூடாது, புற ஊதா ஒளி சிகிச்சையோடு சேர்க்கக் கூடாது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டுபவர்களும் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

ஒழுங்காகப் போட்டும் இரண்டு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால், நோயைத் தவறாகக் கணித்திருக்கலாம். திரும்பப் போய்க் காட்டுங்கள். ஆறிவிட்டால், அடிக்கடி திரும்ப வரும் இடங்களில் மட்டும் திங்கள், வியாழன் என்று வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒருமுறை பூசும் முறை இருக்கிறது. மருத்துவர் சொல்லி ஓராண்டு வரை தொடர்ந்து, பிறகு தேவையா என்று பார்ப்பார்கள். இடையில் அரிப்பு தலைதூக்கினால், சிவப்பு வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே காலை மாலை முறைக்குத் திரும்பிவிடலாம். அப்போது கொஞ்சம் எரியும், முதல் தடவை போல அல்ல.