சொன்னதையும் எழுதினேன், பார்த்ததையும் எழுதினேன்

மோட்டார் சைக்கிளில் விழுந்தவன் கை எப்படி இருக்கும் என்று கோலாலம்பூர் அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் எந்த எம்.ஏ.வுக்கும், அதாவது மருத்துவ உதவியாளருக்கும், தெரியும். தோல் பரவலாக உரிந்து, மண்ணும் தாரும் ஒட்டியிருக்கும். இந்தப் பையனுக்கு இடது முன்கையில், சுண்டுவிரல் பக்கமாக, ஒரே நேர்க்கோடு. ஓரத்தில் பிசிறே இல்லை. தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்கினால் பாராங் கத்தி அங்கேதான் இறங்கும். விரலை நீட்டச் சொன்னேன், சுண்டுவிரல் மட்டும் வரவில்லை.

"மோட்டார்ல விழுந்துட்டான்னு எழுதிக்குங்க டிரசர் தம்பி" என்றார் அவன் அம்மா. எம்.ஏ.வை டிரசர் என்று இப்போது யார் கூப்பிடுகிறார்கள்? தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராக இருக்கும். "போலீஸ் வந்தா பொக்காவுல போட்டு சிம்பாங் ரெங்கம் அனுப்பிருவாங்க. அடுத்த வருஷம் அவனுக்கு எஸ்.பி.எம். பரீட்சை." பொக்கா என்பது குற்றத் தடுப்புச் சட்டம், சிம்பாங் ரெங்கம் ஜொகூரில் உள்ள சிறை.

"நீங்க சொன்னத எழுதிட்டேன் அக்கா" என்றேன்.

பொய்யில்லை. விழுந்ததாகச் சொல்கிறார் என்று ஒரு வரி, காயம் கூரிய ஆயுத வெட்டுபோல் உள்ளது என்று அடுத்த வரி. அப்புறம் போலீஸ் கவுன்டருக்குப் போன். இதெல்லாம் தெரியாமல் அவர் என் கையைப் பிடித்து, "புண்ணியமாப் போகும்" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இரண்டாவது வரியை எழுதாமல் விடவும் முடியாது. அவன் வெட்டுப்பட்டவன், நாளைக்கு வெட்டியவன் மாட்டினால் கோர்ட்டில் பேசப்போவது அந்த வரிதான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வந்த போலீஸ்காரர் முதலில் கேட்டது "யார் வெட்டினது" என்று இல்லை, "எந்த நம்பர்" என்று, அதாவது எந்தக் கும்பல் என்று. அவரை மட்டும் குறை சொல்லி என்ன? 2013இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டு, 40,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் 70 விழுக்காட்டுக்கும் அதிகமானவர்கள் இந்தியர்கள் என்று சொன்னது, நாட்டில் நாம் இருப்பதே ஏறக்குறைய 7 விழுக்காடுதான், அதிலிருந்து நம் பையன் வெட்டுப்பட்டு வந்தாலே கணக்கு அப்படித்தான் போகிறது. நானும் தையல் போடுமுன் கழுத்திலும் மணிக்கட்டிலும் பச்சை குத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். எதிர்க் கும்பல் வார்டுக்கே வந்துவிட்டால் நர்ஸ் மிஸ்ஸிகள் கதி என்ன, அதற்காகத்தான் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

பொக்காவில் பிடித்தால் விசாரணைக்கே ஏறக்குறைய 60 நாள் உள்ளே வைக்கலாம், அப்புறம் வழக்கே நடத்தாமல் 2 வருடம். கேங்கை அடக்க அது வேண்டும் என்பவர்களோடு நானும் தலையாட்டியிருக்கிறேன், செந்தூலில் என் வீட்டுக்குக் கீழேயே ஆட்கள் பாராங்கோடு ஓடியதைப் பார்த்தவன் நான். இன்று கேட்டாலும் அநேகமாகத் தலையாட்டுவேன். அந்த அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தால் எப்படியோ.

கூட வேலை செய்பவர் சொன்னார், "எழுதினது சரி, அவங்ககிட்ட அப்படிச் சொன்னதுதான் தேவையில்லாதது." வேறு என்னதான் சொல்வது? உண்மையைச் சொல்லியிருந்தால் தையல்கூடப் போடாமல் பையனை இழுத்துக்கொண்டு போயிருப்பார், அந்த விரல் போயிருக்கும்.