ஏலாக்குறிச்சியில் அப்பாவின் செபமாலை

அப்பா இறந்து ஓராண்டு நிறைவதற்கு முந்திய வியாழக்கிழமை, அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க அம்மாவை அழைத்துக்கொண்டு ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்துக்குச் சென்றேன். திருவையாறு வழியாகச் சென்று கொள்ளிடப் பாலத்தைக் கடந்ததும் அம்மா சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். இளம் வயதில், ஆற்றில் நீர் வற்றியிருக்கும் கோடைக் காலங்களில், அப்பா அந்த மணலில் நடந்தேதான் மாதாவைக் காணச் செல்வாராம்.

திருக்காவலூர் என்று வீரமாமுனிவர் பெயர் சூட்டிய ஊர் இது. இத்தாலியில் பிறந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்து, இந்த மண்ணின் மொழியில் புலவர்களே வியக்கும்படி எழுதிய அந்த இயேசு சபைக் குரு, 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணிக் காப்பியத்துக்குப் பாட்டுடைத் தலைவனாக ஓர் அரசனையோ வீரனையோ தேர்ந்துகொள்ளாமல், தச்சு வேலை செய்து குடும்பத்தைக் காத்த, இயேசுவின் வளர்ப்புத் தந்தையான புனித சூசையப்பரைத் தேர்ந்துகொண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் நினைவே வரும். நற்செய்தி நூல்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. வானதூதர் கனவில் சொன்னதைக் கேட்டு, எழுந்து, செய்தார் என்று மட்டுமே இருக்கிறது. அப்பாவும் அப்படித்தான். எங்கள் ஐவரில் ஒருவரையும் அவர் உட்காரவைத்துப் புத்தி சொன்னதில்லை. இரவு குடும்ப செபத்துக்கு நேரமானதும் மாதா படத்துக்கு முன் முழந்தாளிட்டுவிடுவார். சண்டையில் இருந்தவர்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது வந்து அவருக்குப் பின்னால் முழந்தாளிட்டாக வேண்டும்.

அவர் வாழ்ந்தது 91 ஆண்டுகள். சிறுவயதில் பீடச் சிறுவனாக இலத்தீன் பூசையில் பதில் சொன்னவர். கடைசி மாதங்களில் பேரன் பெயர் மறந்துபோன பிறகும், யாராவது ‘தோமினுஸ் வோபிஸ்கும்’ (ஆண்டவர் உங்களோடு இருப்பாராக) என்றால் ‘எத் கும் ஸ்பிரித்து தூவோ’ (உம் ஆன்மாவோடும் இருப்பாராக) என்று தவறாமல் சொன்னார். புதியதை ஏற்கத் தயங்கியவரும் அல்லர். 2002-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் செபமாலையில், பத்து மணிகள் கொண்ட ஒவ்வொரு பத்துக்கும் ஒன்றாகத் தியானிக்கும் இயேசுவின் வாழ்க்கை நிகழ்வுகளான ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் சேர்த்தபோது அப்பா எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, மனப்பாடம் ஆகும்வரை வியாழக்கிழமைதோறும் பார்த்தே சொன்னார். மடிப்பில் கிழிந்து, பின்புறம் ஒட்டுப்போட்ட அந்தத் தாள் இப்போது என் சட்டைப் பையில் இருந்தது. அவருடைய செபமாலையும் என்னிடம்தான் இருந்தது. மரமணிகள் விரல் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தன. நான்காவது பத்தில் ஒரு மணி எப்போதோ உடைந்துபோக, அந்த இடத்தில் கறுப்பு நூலைத் தடித்த முடிச்சாகப் போட்டிருந்தார்.

பூசையில் குருவானவர் அப்பாவின் பெயரை வாசித்தபோது அம்மா தலைநிமிர்ந்து பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்மரணத்தின் பாதுகாவலர் என்று சூசையப்பரைத் திருச்சபை அழைப்பது, இயேசுவும் மரியாளும் அருகிருக்க அவர் உயிர் நீத்தார் என்ற மரபினால்தான். அந்த மரணத்தைத் தமக்கும் தரும்படி அப்பா நாள்தோறும் மன்றாடினார். அம்மா கையைப் பிடித்திருக்க, நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் பெற்று, வீட்டுக் கட்டிலிலேயே கண்மூடினார். கேட்டது கிடைத்தது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

பூசை முடிந்ததும் மாதா சுரூபத்துக்கு முன் அமர்ந்து, தாளைப் பார்த்து நான் செபமாலை சொல்லத் தொடங்கினேன். நான்காவது மறைபொருள், ஆண்டவர் தாபோர் மலையில் தோற்றம் மாறியது. அந்தப் பத்தின் நடுவில் விரல் நூல் முடிச்சில் பட்டது. அதற்குமேல் குரல் வரவில்லை. அம்மா என் கையிலிருந்த மாலையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு, “நிறுத்தாதப்பா. ஒவ்வொரு பத்தையும் ஒவ்வொரு பிள்ளைக்குன்னு வச்சிருந்தார். நாலாவது உனக்கு. நீ கோயிலுக்கே போகாம இருந்த வருசத்துலதான் அந்த மணி உடைஞ்சுது,” என்றார். பிறகு அவரே ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கினார், நான் சேர்ந்துகொண்டேன்.