ரயில் யார் காசில் ஓடியது?

"வெள்ளைக்காரன் வராமல் இருந்திருந்தால் நமக்கு ரயிலே கிடைத்திருக்காது" என்று இன்னமும் அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். சரி, ரயில் வந்தது, ஆனால் யார் காசில் வந்தது?

அந்தக் காலத்து ஏற்பாடு இப்படி: கம்பெனிகள் லண்டனில் பங்கு விற்று முதல் திரட்டும், நம் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியும் அப்படி வந்ததுதான். போட்ட முதலுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 5 சதவீதம் வட்டிக்கு அரசே உத்தரவாதம் கொடுத்தது, நிலமும் இலவசம். லாபம் குறைந்தால் மிச்சத்தை இந்திய வருவாயிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அந்த வருவாயில் பெரும்பங்கு நிலவரி. அதாவது, ரயிலையே பார்த்திராத ஒரு செங்கல்பட்டு விவசாயி லண்டன்காரருக்கு வட்டி கட்டினார். எவ்வளவு செலவானாலும் வட்டி வந்துவிடும் என்றால் சிக்கனமாகக் கட்ட யாருக்குத் தோன்றும்?

பாதை எங்கே போக வேண்டும் என்பதிலும் அவர்கள் கணக்குதான். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹௌசி 1853-இல் எழுதிய குறிப்பைப் பாருங்கள், படையை வேகமாக நகர்த்துவதும் பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதும்தான் அவருக்கு முக்கியம். பம்பாய்-தானே ரயில் ஓடியதும் அதே வருஷம்தான். இங்கே 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சுமார் 100 கிலோமீட்டர். வரிசையாகத் தூண்கள் நிற்கும் அந்த ராயபுரம் ஸ்டேஷன் கட்டிடம் இன்னும் இருக்கிறது, சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி பக்கம் போகிற மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன். பீச்சுக்கு அடுத்தது என்றால் துறைமுகத்துக்கு எவ்வளவு பக்கம் என்று சொல்லவே வேண்டாம்.

அதற்கும் முன்னால், 1837 வாக்கிலேயே, செங்குன்றம் பக்கம் ஒரு சின்ன ரயில் பாதை இருந்தது, சாலை போடுவதற்குக் கல் ஏற்றி வர. அதில் முக்கியப் பங்கு ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேய இன்ஜினியருக்கு. அதே காட்டன்தான் பிற்பாடு, ரயிலுக்குக் கொட்டுகிற பணத்தைப் பாசனத்துக்கும் படகுக் கால்வாய்களுக்கும் போடுங்கள் என்று லண்டன் வரை போய் வாதாடினார். யாரும் காது கொடுக்கவில்லை.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. சென்னை மாகாணத்தில் ரயில் அப்போது இருந்தது, தானியமும் அதில் போனது. ஆனால் விலை எங்கே அதிகமோ அங்கேதான் வியாபாரி அனுப்புவான், வாங்கக் காசில்லாதவன் ஸ்டேஷன் பக்கத்திலேயே குடியிருந்தாலும் பட்டினிதான். விலையில் தலையிடக் கூடாது என்று அரசு பிடிவாதமாக இருந்தது. பஞ்சம் முடிந்து விசாரித்த கமிஷன் 1880-இல் சொன்ன யோசனைகளில் ஒன்று, இன்னும் ரயில் பாதை போடுங்கள் என்பது!

அப்புறம் மூன்றாம் வகுப்பு. பயணிகள் வருமானத்தில் பெரும்பகுதி அவர்கள் கொடுத்ததுதான், பெட்டியிலோ ஆடுமாடு மாதிரி அடைத்துக்கொண்டு போனார்கள், ரொம்ப காலம் கழிப்பறை கூடக் கிடையாது. ரயில் வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகி, 1917-இல் காந்தி மூன்றாம் வகுப்பில் போய்ப் பார்த்து எழுதியபோதும் அழுக்கும் நெரிசலும் அப்படியேதான் இருந்தன.