மிச்சமானதை உறைய வைக்காதீர்கள்

பெங்களூரு ஹெப்பால் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில், உடம்பின் பல வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லை வளர்ப்பதும் உறைய வைப்பதும்தான் என் வேலை. பண்டிகை நெருங்கினால் எங்கள் லேபில் ஒரு கேள்வி தவறாமல் வரும். இந்தப் பொங்கலுக்குக் கேட்டவள் சேலத்துப் பெண், ஆராய்ச்சி மாணவி. "அக்கா, நாளைக்கு ஊருக்குக் கிளம்பறேன். தட்டுல மிச்சம் இருக்கிற செல்லை ஃப்ரீஸ் பண்ணிட்டுப் போயிடவா?"

வேண்டாம் என்றேன். ராத்திரி மிஞ்சிய சோற்றை ஃபிரிட்ஜில் தள்ளுவது மாதிரியான காரியம் இல்லை இது. உறையும்போது செல் எப்படி இருக்கிறதோ, அதைவிட நன்றாக அது ஒருநாளும் வெளியே வராது. மைக்ராஸ்கோப்பில் இருவரும் பார்த்தோம். நல்ல கூட்டமாக இருந்தால் செல்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாகத் தெரியும். அவள் தட்டில் ஓரமெல்லாம் கலைந்து, செல்கள் தட்டையாகப் பரவத் தொடங்கியிருந்தன. வேறு வகைச் செல்லாக மாறக் கிளம்பிவிட்டதற்கான அடையாளம் அது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உறைதல் ஒரே நாளில் முடிவதில்லை. வேகமாகக் குளிர்வித்தால் செல்லுக்குள்ளேயே பனிப்படிகம் உருவாகிக் கிழித்துவிடும். ரொம்ப மெதுவாகப் போனால் தண்ணீர் வெளியேறி, உள்ளே உப்பு செறிந்து செல் வாடிப்போகும். அதனால்தான் நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கு. கூடவே உறையும்போது செல்லைக் காக்க டிஎம்எஸ்ஓ என்ற திரவம் பத்து சதவீதம். அதன் இந்தக் குணத்தை 1959-இல் லவ்லாக், பிஷப் என்ற விஞ்ஞானிகள் கண்டுசொன்னார்கள், இன்றைக்கும் அதைத்தான் நம்பியிருக்கிறோம். மெதுவாகக் குளிர்வதற்காக, ஐசோபுரப்பனால் என்ற ஆல்கஹால் ஊற்றிய டப்பாவில் குப்பிகளை அடுக்கி, மைனஸ் 80 ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைக்க வேண்டும். மறுநாள் யாராவது அவற்றைத் திரவ நைட்ரஜன் டேங்குக்கு மாற்றியாக வேண்டும். அவள் சேலத்தில் இருந்தால் யார் மாற்றுவது?

மைனஸ் 80-இல் கிடந்தால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் குளிரிலும் படிகம் மெல்ல வளர்ந்துகொண்டேதான் இருக்கும். சுமார் மைனஸ் 135-க்குக் கீழே போனால்தான் தண்ணீர் கண்ணாடி மாதிரி இறுகி, உள்ளே அசைவு நிற்கும். திரவ நைட்ரஜன் மைனஸ் 196. அதன் ஆவியில் தொங்கவிட்டாலே போதுமான குளிர் கிடைக்கும். அப்புறம், மே மாத இடிமழையில் கரண்ட் போனால் ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் வேண்டும். டேங்குக்கு நைட்ரஜன் மட்டம் குறையாமல் பார்த்துக்கொண்டால் சரி.

அந்தத் தட்டில் பிளீச் ஊற்றிக் கழித்துவிடச் சொன்னேன். அவள் முகம் வாடியது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பொங்கல் முடிந்து வந்து, டேங்கில் இருந்த பழைய குப்பி ஒன்றை எடுத்து மறுபடி வளர்த்தாள். இந்தத் தடவை தட்டு நிரம்பி வழிவதற்கு முன்பே, செல்கள் சுறுசுறுப்பாகப் பெருகும் நேரத்தில் உறைய வைத்தோம். மனித ஸ்டெம் செல்லைத் தனித்தனியாகப் பிரித்தால் நிறையச் செத்துப்போகும் என்பதால் சின்னச் சின்னத் திரளாகவே விட்டோம்.

பிறகு ஒரு குப்பியை 37 டிகிரித் தண்ணீரில் ஆட்டி, கடுகளவு பனி மிஞ்சும்போதே எடுத்து வளர்த்துப் பார்த்தாள். கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டன. வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா இல்லை என்று சோதனையில் தெரிந்தால் பாதிக் குப்பிகளை வேறு கட்டடத்து டேங்குக்கு அனுப்பிவிடுவோம். எல்லாவற்றையும் ஒரே டேங்கில் வைக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை.