கல்லறையில ஒரு வயசு, பதிவுல ஒரு வயசு

எங்க அப்பாயியோட தாத்தா ஸ்கொட்லாந்துலேருந்து வந்த தோட்டத் தொரை, இலங்கை மலையகத்துல டிக்கோயா பக்கம் அவர் கல்லறையில 1891ல செத்தப்ப வயசு 52ன்னு வெட்டியிருக்கு, ஆனா ஸ்கொட்லாந்து ஞானஸ்நானப் பதிவுல பொறந்தது 1836. நான் பழைய பதிவைத்தான் நம்புறேன், கல்லுக்கு வயசு சொன்னவங்க அவர் பொறந்தப்ப கூட இருந்தவங்க இல்லையே.

அவர் அப்பாவுக்கு 1841 சென்சஸ்ல 30, 1851ல 44. வேற ஆளோன்னு ரெண்டு வாரம் குழம்பிக் கெடந்தேன், அப்புறம்தான் தெரிஞ்சுது 1841ல 15க்கு மேல உள்ளவங்க வயசை அஞ்சோட மடங்குக்குக் குறைச்சு எழுதச் சொல்லியிருக்காங்க, 34ன்னாலும் 30ன்னுதான் போடணும், ஆக ஒரே ஆள்தான்!

அரசாங்கப் பதிவு ஸ்கொட்லாந்துல 1855லதான் தொடங்குது, கல்யாணப் பதிவுல அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரும் இருக்கும், தொரையோட தங்கச்சி பதிவுல அது ஒத்துப்போச்சு.

கொழுந்து பறிச்ச அப்பாயியோட பாட்டி பேரு மட்டும் இன்னும் எந்தப் பதிவுலயும் கிடைக்கல. இப்ப அதைத்தான் தேடுறேன்.