வடக்கன்குளத்தில் ஒரு காலைத் திருப்பலி

நாகர்கோவிலிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் புறப்பட்டு ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தபோது, ஆனி மாதத்துக் காற்று சன்னல் கண்ணாடியைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காற்றாடிமலை இருளோடு இருளாகக் கிடந்தது. 1752 ஜனவரி 14 அன்று புனித தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த மலையைப் பார்த்து நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டேன். காவல்கிணற்றில் இறங்கி, ஆட்டோவில் வடக்கன்குளம் சென்று சேர்ந்தபோது திருப்பலிக்கு முதல் மணி அடித்துவிட்டது.

இந்த வழியில் எனக்கு முன்னே சென்றவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் பிடிபட்டு மன்னரின் படைத்தலைவராகவே மாறிவிட்ட டச்சுக்காரர் டிலனாயிடம் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்தவர். மன்னரின் அலுவலர் ஒருவர் மன்னரின் நாட்டுக்குள்ளேயே திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறுவது எளிதன்று என்பதால், டிலனாய் அவரை எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். 1745 மே 14 அன்று இங்கேதான் அவர் லாசர் என்ற பெயரைத் தமிழாக்கி ‘தேவசகாயம்’ ஆனார். திருமுழுக்கு அளித்தவர் இத்தாலியரான புத்தாரி அடிகளார். மக்கள் அழைத்த பெயர் பரஞ்சோதிநாதர். தேவசகாயத்தின் மனைவி ஞானப்பூ அம்மாள், கணவர் கொல்லப்பட்ட பின் இவ்வூரில்தான் வாழ்ந்தார்; இவ்வூர் மண்ணிலேயே அடக்கமும் செய்யப்பட்டார்.

ஆனால் நான் வந்தது தேவசகாயத்துக்காக மட்டுமன்று. இந்தப் பங்கின், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள இந்தச் சபைமக்களின், கோயிலுக்காகவும்தான். இப்போதுள்ள திருக்குடும்ப ஆலயம் 1872இல் எழுந்தது. பீடத்தில் ஒன்றாயிருந்து, அங்கிருந்து இரண்டு கூடங்களாகப் பிரிந்து செல்லும் அதன் அமைப்பைக் கண்டு கால்சட்டைக் கோயில் என்று கேலியாகச் சொன்னவர்களும் உண்டு. அழகுக்காகச் செய்த அமைப்பன்று அது. வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கமும் நாடார் கிறிஸ்தவர்கள் மறுபக்கமும் இருந்து, ஒருவரோடு ஒருவர் கலவாமல், ஒரே பூசையைக் காண்பதற்காகக் கட்டப்பட்டது.

இந்தக் கோயிலில் நிற்கும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி, இதற்கு அக்காலத்துச் சாமியார்கள் எப்படி உடன்பட்டார்கள் என்பதே. விடை தேட இன்னும் பின்னே போக வேண்டும். 1680இல் நாடார் பெண் ஒருவர் மனந்திரும்பியதோடு இங்கே அச்சமூகத்தின் முதல் கிறிஸ்தவக் கூட்டம் உருவாகி, 1685இல் சிறு கோயிலும் எழுந்தது. மதுரை மறைப்பணித்தளத்தில் இருந்த, இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையின் குருக்கள் காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழ்ப் பெயர் சூடி வாழ்ந்தவர்கள். மக்களின் வழக்கங்களுள் சமயத்துக்கு நேர்முரணில்லை என்று தாங்கள் கருதியவற்றை அவர்கள் விட்டுவைத்தார்கள். விட்டுவைத்தவற்றுள் சாதியும் ஒன்று. அந்தப் பொறுமையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை இந்தக் கூடங்களைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

பிறகு குருக்களே இல்லாமற்போன காலம் வந்தது. 1759இல் போர்த்துகல் அரசு இயேசு சபையைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து துரத்தியது. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து சபையையே கலைத்தார். உரோமையில் கையெழுத்தான ஒரு தாளினால் தென்பாண்டிச் சீமையின் பங்குகளில் பூசை வைக்க ஆளில்லாமற்போனது. கோவாவிலிருந்து வந்த குருக்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர். ஒருவர் பல ஊர்களைச் சுற்றிவர வேண்டியிருந்தது. இடைப்பட்ட நாள்களில் செபம் சொல்லிக்கொடுத்ததும், சாகக் கிடந்த குழந்தைக்கு அவசரத் திருமுழுக்குக் கொடுத்ததும் குருப்பட்டம் பெறாமல் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த உபதேசியார்கள்தாம். பங்குகளின் வரலாற்றை எழுதுபவர்கள் குருக்களின் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடுவது எனக்கு எப்போதுமே குறையாகத் தோன்றும். பட்டியலில் வெற்றிடமாக இருக்கும் ஆண்டுகளில் விசுவாசத்தைக் காத்தவர்கள் பெயர் இல்லாமலே போய்விட்டார்கள்.

1814இல் சபை மீண்டும் உயிர்பெற்றது; 1838இல் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைக்கு வந்து சேர்ந்தனர். ஊர் ஊராகக் கோவாக் குருக்களோடு அதிகாரப் பிணக்குகள் மூண்டன. இரு தரப்பும் ஒரே திருச்சபைதான் என்பதை மக்கள் மறந்துபோகும் அளவுக்கு மூண்டன. அந்தப் பிரெஞ்சுக் குருக்களின் காலத்தில்தான் இரட்டைக் கூடம் எழுந்தது. இரண்டு கூடங்களையும் பிரித்த தடுப்பை அகற்றியவரும் அதே நாட்டிலிருந்து, அதே சபையிலிருந்து வந்த ஒருவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கௌசானல் அடிகளாரின் நாள்களில், 1910இல், பிரிவினைத் தடுப்பு இடிக்கப்பட்டது. வெள்ளாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. தனி இடம் தங்களுக்குரிய உரிமை என்ற அவர்களின் வாதத்தை மதராஸ் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்டியதற்காகச் சபையைப் பழிப்பதும் இடித்ததற்காகப் புகழ்வதும் எளிது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தத் தடுப்பின் இருபுறமும் முழங்காலிட்டவர்கள் மனத்துக்குள் என்ன செபித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பதுதான் எனக்கு அரிதாக இருக்கிறது.

1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானபோது, அதன் முதல் ஆயராகத் தமிழரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை பொறுப்பேற்றார். அதன்பின் பங்குகள் படிப்படியாக மறைமாவட்டக் குருக்களின் கைக்கு வந்தன. இப்போது பங்குத்தந்தையர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறார்கள். பக்கத்து ஊர்க்காரராகவே இருப்பதும் உண்டு.

இத்தனையையும் மனத்தில் சுமந்துகொண்டு திருப்பலியில் நின்றதால், முதல் வாசகம் முடியும்வரை என் கவனம் பீடத்தில் இல்லை. தரையில் தடுப்பு இருந்த அடையாளத்தையே கண் தேடிக்கொண்டிருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பராக்குத்தான். எழுந்தேற்றத்தின்போது மணி ஒலிக்கவும் தலை நிமிர்ந்தேன். முற்காலத்தில் குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி இலத்தீனில் பூசை வைப்பார். இரண்டு கூடமும் அவர் முதுகுக்குப் பின்னால்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னர் மக்களை நோக்கித் திரும்பி நின்ற குருவின் கண்ணில் இரண்டு கூடமும் ஒருசேரப் பட்டிருக்கும். பீடத்தில் அப்பத்தை உயர்த்தி நின்ற இளங்குருவின் பார்வை இப்பக்கமும் அப்பக்கமும் மெல்லச் சென்று வந்ததை நான் கண்டேன்.

நற்கருணை வாங்கிக்கொண்டு வந்து முழங்காலிட்டபோது, தேவசகாயத்தின் பெயரை நினைத்துக்கொண்டேன். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரின் பின்னால் இருந்த ‘பிள்ளை’ நீக்கப்பட்டிருந்தது. திருமுழுக்கில் பெற்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

பூசை முடிந்து வெளியே வந்ததும், நார்ப்பெட்டியில் வாழைப்பழம் வைத்திருந்த ஒரு பாட்டி என்னைக் கூப்பிட்டு, “எந்த ஊருய்யா?” என்று கேட்டார். சொன்னேன். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு அடுத்து வரும் கேள்வி எது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு என்ன சொல்லலாம் என்று நான் உள்ளுக்குள் தயங்கிக்கொண்டிருந்தேன்.

“எந்தப் பங்குய்யா?” என்றார் பாட்டி.

பங்கின் பெயரைச் சொன்னேன். அங்கே இப்போது எந்தச் சாமி இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டே ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.